கூலியும் கொடையும்

கடையெழு வள்ளல்களைப் பற்றியும் ஆற்றுப்படை நூல்கள் காட்டும் பரிசில் வாழ்க்கையைப் பற்றியும் நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி பல நடந்துள்ளன. கொடையின் வகை, கொடுப்போன் இயல்பு, பெறுவோன் நிலை ஆகிய யாவும் பகுத்து ஆராயப்பெற்றுள்ளன. கூலியைப் பற்றியோ எனின், அத்துணை ஆராய்ச்சி நிகழவில்லை. ஆராய்வோர் அதனைப் புறக்கணித்தனர் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. நம் பேரிலக்கியங்களே கொடையைப் பாடிய அளவிற்குக் கூலியைப் பாடவில்லை. பாடிய சில இடங்களிலும் கூலி பற்றிய வழக்கினை அது எழ வேண்டிய இடத்தினின்றும் பெயர்த்து வேறோர் இடத்தில் வைத்துள்ளன. இப்பெயர்ச்சி பழைய இலக்கியத்தோடு நின்றுவிடாமல் இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் தோன்றிய புதினம் வரையில் தொடர்ந்து வந்திருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொடைக்கும் கூலிக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். கொடைக்கு அளவில்லை, அளவின்மையே அதற்கு அழகு. யானையும் கொடுக்கலாம், ஒரு நெல்லிக்கனியும் கொடுக்கலாம். இரண்டும் புகழுக்கு உரியனவே. கூலிக்கோ அளவே உயிர். எத்துணை உழைப்புக்கு எத்துணை நெல் அல்லது காசு என்னும் வரையறை இல்லாதவிடத்துக் கூலி இல்லை. அருளோ ஏமாற்றோ ஏதேனும் ஒன்றே உண்டு. கொடையில் நோக்கப்படுவது கொடுப்போன் நெஞ்சம். கூலியில் நோக்கப்படுவது பெறுவோன் உரிமை. சங்கப் புலவர் இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்று 208ஆம் பாட்டுச் சான்றாகும். அதியமான் நெடுமானஞ்சி தன்னைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுக்கின்றார். தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்பதும், தம் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்பதும் அவர் கூறும் காரணங்கள். இப்பாட்டு புலமையின் பெருமிதத்திற்குச் சான்றாகப் பலரால் பாராட்டப்பட்டதே. ஆயினும் இதன் மறுபுறத்தையும் காண்டல் வேண்டும். அளந்து கொடுத்து அளந்து பெறுதல் இழிவு என்னும் எண்ணம் இப்பாட்டில் அடிநிலையாய்க் கிடக்கின்றது. புலவர்க்கு அவ்வெண்ணம் பெருமை தரும். களத்துமேட்டில் மரக்காலை நோக்கி நிற்பவனுக்கு அஃது என்ன தரும்? பாடுவோர் புலவராகவே இருந்தமையால் அளவினை இகழ்ந்த குரலே நமக்கு எஞ்சியது. அளவினை வேண்டிய குரல் எஞ்சவில்லை.

'கூலி' என்னும் சொல் திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வருகின்றது. ஊழ் துணை செய்யாதவிடத்தும் முயற்சியானது மெய் வருந்திய வருத்தத்திற்கேற்ற கூலியைத் தரும் என்பது அக்குறளின் கருத்து. இதனை முயற்சியின் சிறப்பாகவே உரையாளர் அனைவரும் விளக்கினர், அவ்விளக்கம் பிழையன்று. ஆனால் இக்குறளின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஐயத்துக்கு உரிய ஒன்றை விளக்குதற்கு ஐயமற்ற ஒன்றை எடுத்துக் காட்டுதல் உவமையின் இயல்பு. ஊழ் தருமோ தாராதோ, யாரும் அறியார். கூலியோ தரப்படுவது உறுதி. மெய் வருந்தினால் அவ்வருத்தத்தின் அளவிற்குக் கூலி கிடைத்தே தீரும் என்பது மறுக்கவொண்ணாத உலகியல் உண்மையாக வள்ளுவரால் கொள்ளப்படுகின்றது. அவர் காலத்தில் அவ்வாறு யாண்டும் நிகழ்ந்தது என்பதற்கு இஃது ஆதாரம் ஆகாது. அவ்வாறு நிகழ்தலே முறை என்பது கேட்போர் அனைவர்க்கும் உடன்பாடாய் இருந்தது என்பதற்கு ஆதாரமாகும். வருத்தத்திற்கும் கூலிக்கும் அளவொப்புமை வேண்டும் என்னும் கொள்கை, பிற்காலச் சட்டங்கள் அரும்பாடுபட்டு வகுக்க முனைந்த ஒன்று, ஈண்டு ஓர் உவமையின் அடிப்படையாக எளிதில் அமைந்து கிடக்கின்றது.

இதற்கு இணையாகக் கருதத்தக்க மற்றொரு சொல் 'ஊதியம்'. இன்று மாதந்தோறும் பெறும் பணத்தை ஊதியம் என்கின்றோம். குறளில் அச்சொல் பல இடங்களில் வந்தும் ஓரிடத்திலேனும் இப்பொருள் தரவில்லை. முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்னும் இடத்தில் அது வாணிகத்தின் இலாபம். பிற இடங்களில் உயிர்க்கும் வாழ்வுக்கும் உரிய பெறுபயன். முதலிட்டவன் பெறும் ஆதாயத்தைக் குறித்த சொல், நாளடைவில் உழைப்பவன் பெறும் பணத்திற்கு உரியதாயிற்று. ஆயினும் எல்லா உழைப்பாளர்க்கும் அஃது உரியதாகிவிடவில்லை. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் பெறுவது ஊதியம். சேற்றில் நிற்பவர் பெறுவது கூலி. சம்பளம் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றது. அதனைச் சம்பு, அளம் எனப் பிரித்து நெல்லும் உப்பும் எனப் பொருள் கண்டார் பாவாணர். வழியுணவு என்னும் பொருளுடைய வடசொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். எவ்வாறாயினும் இச்சொல்லின் பின்னே நிற்பது உணவே என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். ஒருவர் பெறும் பணத்திற்கு நாம் வழங்கும் பெயரைக் கொண்டே அவர் எந்நிலையில் வைக்கப்பட்டவர் என்பதை அறிந்துவிடலாம். வேறு மொழிகள் சிலவற்றில் 'கூலி' என்பது பணத்தின் பெயராக அன்றி ஆளின் பெயராகவே வழங்கி, இழிசொல்லாகவும் ஆயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் அவ்வடிவம் தமிழினின்று சென்றதோ கூர்ச்சரத்துக் கோலியர் என்னும் குடிப்பெயரினின்று வந்ததோ என்பது அகராதியாளரிடையே இன்றும் முடிந்த முடிபு அன்று.

திருக்குறளில் உழவு பற்றிய அதிகாரம் தனியே உண்டன்றோ எனச் சிலர் வினவலாம். உண்டு. அவ்வதிகாரத்து உழவன், பிறர்க்கு உணவளித்துத் தானும் இரவாது நிற்பவன். உலகம் என்னும் தேருக்கு அச்சாணி போன்றவன். நிலத்திற்கு உரியவன் நாள்தோறும் சென்று காணாவிடின் நிலம் ஊடும் என்கின்றார் வள்ளுவர். ஆகவே அங்குப் பேசப்படுபவன் நிலக்கிழவன். ஏரின் பின் நடப்பினும் நிலம் அவனுடையது. பிறர் நிலத்தில் உழைத்துக் கூலி பெறுபவன் அப்பத்துக் குறளில் எங்கும் தனித்துக் காட்டப்படவில்லை. தொல்காப்பியரோ அத்தகையோரை அறிந்தவர். அடியோர், வினைவலர் என இருவகையினரை அவர் வேறு பிரித்துக் கூறுதல் கருதத்தக்கது. அடியோன் உடைமை, வினைவலன் வினை செய்பவன். எனினும் இவ்விருவரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளிலேயே அவர் அமைக்கின்றார். பிறர் ஏவல் வழி நிற்போர்க்குக் காலம் தமதன்று என்பதே உரையாளர் தரும் விளக்கத்தின் சாரம். காலம் தமதாக இல்லாதவர் தலைமக்கள் ஆதல் இல்லை என்னும் இவ்விலக்கண விதி, கூலியாளன் நம் இலக்கியத்தின் நடுவிடத்திற்கு வாராமைக்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

இலக்கியம் எண்ணாததைக் கல் எண்ணிற்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு என்றும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் 100 கலம் என்றும் கல்லில் வெட்டுவித்தான். நட்டுவம் செய்வோர், கணக்கர், தையான் முதலியோர்க்கும் அவரவர் பங்கு வரையறுக்கப்பட்டது. அந்நெல்லை எந்த மரக்காலால் அளத்தல் வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் 15 படுக்கை உடைய ஆதுலசாலையின் மருத்துவர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குத் தனித்தனியே நெல் அளவு காணப்படுகின்றது. வேலை, ஆள், அளவு, அளக்கும் கருவி என்னும் நான்கும் இக்கல்வெட்டுக்களில் ஒருங்கே கிடைக்கின்றன. அக்காலத்துப் பெருநூல்களுள் ஒன்றிலும் இவ்வளவு தெளிவாக ஓர் ஆளின் வருவாயை நாம் அறிய இயலாது. ஒன்று கூறுதல் வேண்டும்: கோயிலில் பணி செய்தோர்க்கே இவ்வரையறை. அந்நூறு கலத்தை விளைவித்தவர் எவ்வளவு பெற்றனர் என்பதனைப் பற்றி அக்கல் பேசவில்லை.

சமய இலக்கியத்தில் கூலி கதையின் உயிர்நிலையாக அமைந்த இடம் மண் சுமந்த படலம். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இது 61ஆம் படலமாக உள்ளது. வையை பெருக்கெடுக்கின்றது, கரையடைக்கும் பொறுப்பு வீட்டுக்கு வீடு பகுத்து விதிக்கப்படுகின்றது, ஆளில்லாத வந்தி என்னும் பிட்டு விற்கும் முதியவளுக்கு இறைவன் கூலியாளாய் வருகின்றான். கூலி பிட்டு. இங்கு ஒப்பந்தம் உண்டு; கூலியின் பொருள் முன்னரே பேசப்படுகின்றது; அஃது உணவாகவே தரப்படுகின்றது; வேலை முடியுமுன்னரே உண்ணவும் படுகின்றது. பின்னர் ஆள் வேலை செய்யவில்லை. பாண்டியன் பிரம்பால் அடிக்கின்றான். அவ்வடி எல்லா உயிர்மேலும் படுகின்றது. பத்தி நிலையில் இக்கதையின் உயர்வு சொல்லுந்தரமன்று. இலக்கியத் திறனாய்வின்கண் நாம் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. தமிழ் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்த ஒரே கூலிக்கதை, கூலி பெற்று வேலை செய்யாதவனைப் பற்றியதாக அமைந்தது ஏன்? வேலை செய்து கூலி பெறாதவர் எண்ணிறந்தோர் இருந்திருப்பர். அவர்க்கு ஒரு படலம் இல்லை. ஆயினும் கதையின் முடிவு கூலியாளன்மேல் விழும் அடியை அரசன் முதுகிலும் விழச் செய்கின்றது என்பதை மறத்தலாகாது. மக்கள் இக்கதையை ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடி வருதற்கு அம்முடிவும் ஒரு காரணம் போலும்.

நந்தனார் கதையில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆராய்தற்கு உரியது. சேக்கிழாரின் திருநாளைப்போவார் ஆதனூரில் ஊரார் பறைத்தொழிலுக்கென விட்ட நிலத்தின் விளைவை உணவுரிமையாகக் கொண்டு வாழ்பவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் தருபவர். அவர்க்கு ஆண்டை எவனும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் இயற்றிய சரித்திரக் கீர்த்தனையிலோ நந்தனார் ஒரு வேதியரின் பண்ணையாள். தில்லை செல்ல அவர் வேண்டுவது விடுப்பு. நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்த பின்னரே அது கிடைக்கும் என்பது ஆண்டையின் விடை. தொழிலுக்கு உரிய நிலமுடைய ஒருவர், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் நிலமும் காலமும் இல்லாத ஒருவராகின்றார். பாரதியார் தம் காலத் தஞ்சைப் பண்ணையைக் கண்டு எழுதினார் என்பது தெளிவு. அந்நிலையிலும் கதை கூலியை வினவவில்லை. நாற்பது வேலிக்கு உரிய கூலி எவ்வளவு என்று நந்தனார் கேட்கவில்லை. தெய்வம் ஓரிரவில் விளைவித்துத் தந்துவிடுகின்றது. மெய்வருத்தமே இல்லாத விளைச்சலுக்குக் கூலி என்ற பேச்சு எழுதற்கு இடமில்லாமற் போகின்றது.

பள்ளு நூல்களில்தான் உழைப்பாளன் தன் பெயரோடும் மனைவியரோடும் கருவிகளோடும் முதன்முதலாக இலக்கியத்தின் நடுவே வந்து நிற்கின்றான். முக்கூடற்பள்ளு இவ்வகையில் தலைசிறந்தது. விதை வகை, மாட்டு வகை, ஏரின் உறுப்பு, மீன் வகை என்று அந்நூல் எண்ணிக் காட்டும் செல்வம் வேறெந்நூலிலும் இல்லை. எல்லாவற்றையும் எண்ணும் அந்நூல் கூலியை எவ்வாறு நடத்துகின்றது? பண்ணைக்காரன் பள்ளனைக் கணக்குக் கேட்கின்றான், தொழுவில் மாட்டுகின்றான், மூத்த பள்ளி வேண்ட விடுவிக்கின்றான். அறுவடை முடிந்தபின் நெல் அளக்கப்படுகின்றது. கோயில்களுக்கும் அறங்களுக்கும் இவ்வளவு இவ்வளவு எனக் கணக்குச் சொல்லப்படுகின்றது. இதன் பின்னரே பங்கு பற்றிய வழக்கு ஒன்று வெடிக்கின்றது. அவ்வழக்குப் பண்ணைக்காரனுக்கும் பள்ளனுக்கும் இடையே எழுவதன்று. தனக்குரிய பங்கு தரப்படவில்லை என்று மூத்த பள்ளி தன் கணவன்மேல் முறையிடுவது. அங்கிருந்து அது பள்ளியர் இருவரின் ஏசலாகி, அவர் வழிபடும் தெய்வங்களின் ஏசலாகி, நகையில் முடிகின்றது. களத்துமேட்டில் எழ வேண்டிய வழக்குக் குடிசைக்குள் கொண்டுசெல்லப்பட்டது. நெல்லைப் பகுக்கும் சினம் சக்களத்திச் சண்டையின் சுவையாக மாற்றப்பட்டது. பள்ளு நாடகம் பண்ணைக்காரர் முன்னிலையில் நடித்துக் காட்டப்பெற்ற நூல்வகை என்பதை நினைவிற்கொண்டால் இதன் காரணம் புலனாகும். புலவரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் 'உழைப்பாளர் இலக்கியம்' என்று பள்ளினைப் பாராட்டும் இக்காலத்தார் இப்பெயர்ச்சியைக் கவனியாது பாராட்டுகின்றனர் என்பது என் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டில் கூலி பற்றிய சிந்தனைக்கு இலக்கியத்திற்கு வெளியே ஒரு மொழி பிறந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியது. அதில் முன்னின்று உழைத்த திரு. வி. க. தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர் என்பது நம் துறையினர் நினைத்தற்குரியது. மேடையில் அவர் வழங்கிய நடை, தொழிலாளர் வாழ்வைப் பேசுதற்குத் தூய தமிழ் போதும் என்பதை மெய்ப்பித்தது. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டில் அமைக்கப்பெற்ற நியாயக் கூலிக் குழு, குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்க்கைக் கூலி என மூன்று படிகளை வகுத்தது. இந்திய அரசியலமைப்பின் 43ஆம் உறுப்பு வாழ்க்கைக் கூலியை அரசு நாட வேண்டிய குறிக்கோளாக வைத்தது. 1957இல் கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு இன்னும் நெருங்கிச் சென்று, ஒரு தொழிலாளியின் வருவாய் மூன்று நுகர்வலகு கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டும், நாளொன்றுக்கு வளர்ந்த ஒருவர்க்கு 2700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு என வரையறுத்தது. 1991இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம், விழா முதலியவற்றின் பொருட்டு மேலும் 25 விழுக்காடு சேர்த்தது. கல்வெட்டின் கண்டிப்பு மீண்டும் வந்ததுபோல இவ்வெண்கள் தோன்றுகின்றன; இம்முறை கோயிலுக்கு வெளியே நிற்பவனுக்காகவும். திருவிழாவையும் கூலிக் கணக்கில் எண்ணிய நீதிபதிகள் மண் சுமந்த படலத்தை அறியார். எனினும் வந்தியின் ஊரார் அவ்வெண்ணை எளிதில் உடன்பட்டிருப்பர்.

இம்மொழி பிறந்த காலத்தில் இலக்கியம் என் செய்தது? பாரதியார் பிசித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிர் துயரைப் பாடினார். 1879 முதல் 1916 வரையில் அங்கு ஆள் ஏற்றப்பெற்றனர். ஒப்பந்தத்தில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு சில்லிங்கும் பெண்டிர்க்கு ஒன்பது பென்சும் என எழுதப்பட்டிருந்தன. பாரதியார் பாட்டில் கண்ணீர் உண்டு. அந்த ஒன்பது பென்சு இல்லை. பாட்டு என்னும் வடிவிற்கு அது குறையாகாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் வெளிவந்தது. இலங்கைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் கதையாகிய அதில் ஆள் பிடிக்கும் முறையும் தோட்டத்தின் கொடுமையும் உள்ளன. எனினும் கதையின் விசை பெண்ணின் உடல்மேல் நிகழும் கொடுமையிலேயே குவிகின்றது. இலங்கையில் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் 1927இலேயே வந்துவிட்டது என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் நலம். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) கைத்தறி நெசவாளரின் வறுமைக்குக் காரணத்தை நூல் விலையிலும் வாணிகத்திலும் தேடியது. பசிக்கு விதியையோ தனியொருவன் தீமையையோ காரணமாக்காமல் சந்தையைக் காரணமாக்கிய முதல் தமிழ்ப் புதினங்களுள் அது ஒன்று. அதன் உரையாடல் சிலவிடங்களில் மேடைப்பேச்சாகிவிடுகின்றது என்பதும் உண்மையே.

இனி, இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகத் தக்க நிகழ்ச்சிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும். அதற்கு முன் நடந்தது கூலிப் போராட்டம். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதல் என்பதே மக்கள் நினைவில் நின்ற கோரிக்கை. நிலவுடைமையாளர் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்திருந்தனர். வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தனர். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகுதல் வேண்டும் என்பதும் அவர்தம் நிபந்தனையாக இருந்தது. கலம் ஒன்றுக்கு 12 மரக்கால், மரக்கால் ஒன்றுக்கு 8 நாழி என்னும் பழைய வாய்பாட்டின்படி ஒரு கலம் 96 நாழி. அரை நாழி என்பது அதில் 192இல் ஒரு பங்கு. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதாகலின் இக்கணக்கினை நுணுக்கமாகக் கொள்ளலாகாது. வழக்கின் சிறுமையையும் விளைவின் பெருமையையும் ஒருங்கே உணர்தற்கு மட்டும் இது பயன்படும். மறு ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்றது.

இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. கதைப்பின்னலின் இறுக்கமும் உரையாடலின் கூர்மையும் பாராட்டுக்கு உரியன. தில்லியிலிருந்து ஊருக்கு வந்த கோபால், அவனைத் தேடி வரும் சிவா என்னும் இரு படித்தவர் வழியாகக் கதை செல்கின்றது. நிலக்கிழாராகிய கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு ஆசிரியர் காட்டும் வேர் அவனது ஆண்மைக் குறை. இதனை முற்போக்குத் திறனாய்வாளர் பலர் அந்நாளிலேயே கண்டித்தனர். வகுப்புப் போராட்டத்தை உளநோயாகச் சுருக்கிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆசிரியர் சார்பாக, கொடியவனும் ஒரு மனிதனே, அவன் உள்ளத்தை ஆராய்தல் புதினத்தின் உரிமை என்று விடை கூறலாம். அவ்விடை வலியுடையதே. என் தடை உளவியலைப் பற்றியதன்று. புதினத்தின் முடிவில் எரியும் தீ எதனால் மூண்டது என்று படிப்பவரைக் கேட்டால் அவர் கூறும் விடை என்னவாக இருக்கும் என்பதைப் பற்றியது. ஒருவன் உடற்குறையால் மூண்டது என்பார். அரைப்படி நெல்லால் மூண்டது என்னார். முக்கூடற்பள்ளில் களத்து வழக்குக் குடிசைக்குள் பெயர்ந்தது. இங்கு மாளிகையின் பள்ளியறைக்குள் பெயர்ந்தது. நூல்வகை வேறு, காலம் வேறு, ஆசிரியரின் கொள்கையும் வேறு, பெயர்ச்சி ஒன்றே. நெல்லைப் பற்றிய சண்டை இலக்கியச் சுவைக்குப் போதாது, ஆண் பெண் உறவு கலந்தாலன்றிக் கதைக்கு ஆழம் வாராது என்னும் நம்பிக்கை நம் எழுத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இவ்விரு நூல்களும் இருபுறத்துச் சான்றுகள். இத்தொடர்ச்சியைக் காணாமல் ஒரு நாவலாசிரியரை மட்டும் குற்றவாளி ஆக்கிய அக்காலத் திறனாய்வு பாதி உண்மையையே கூறிற்று.

வெண்மணியைப் பின்னர்ப் பாடுபொருளாகக் கொண்ட சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' வேறு வழியில் செல்கின்றது. கீழத்தஞ்சைப் பேச்சுமொழியிலேயே அஃது இயங்குதலின், களத்தின் வழக்கும் வேலையின் முறையும் அளவின் பெயர்களும் கதைமாந்தர் வாயில் இயல்பாக வருகின்றன. கலைக்கட்டமைப்பில் அது 'குருதிப்புனல்' அளவிற்கு இறுகியதன்று. சில அத்தியாயங்கள் தளர்ந்து கிடக்கின்றன. எனினும் வழக்கு எழ வேண்டிய இடத்தில் எழுகின்றது. இராசம் கிருட்டிணனின் 'கரிப்பு மணிகள்' (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. களத்திற்கு நேரிற் சென்று கண்டு எழுதும் முறையை அவர் மேற்கொண்டதனால், கூலியும் அதிலிருந்து கழிக்கப்படுவனவும் கதைக்கு வெளியே நிற்கும் செய்திகளாக அல்லாமல் கதைமாந்தரின் அன்றாடக் கவலையாகவே அமைந்துள்ளன. அவர் நூல்களில் கலைநயம் குறைவு, செய்தி மிகுதி என்று கூறுவோர் உளர். விதை வகைகளையும் மீன் வகைகளையும் அடுக்கிச் சொல்லும் பள்ளினைக் கலை என்று ஏற்றுக்கொண்ட நாம், கூலிக் கணக்கினைச் சொல்லும் புதினத்தைச் செய்தித் தொகுப்பு என்று ஒதுக்குதல் எவ்வகையில் முறையாகும்? அடுக்கப்படும் பொருள் மாறியதனால் அளவுகோலும் மாறிவிட்டது போலும்.

இறுதியாக ஒன்று குறிக்கத்தக்கது. எழுதப்பட்ட இலக்கியம் கூலிக்குச் சொல் தேடித் தடுமாறிய காலத்தில், கூலி பெற்றவரே தமக்கு வேண்டிய சொற்களை ஆக்கிக்கொண்டனர். இலங்கை மலையகத் தமிழில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவு 'பேர்' எனப்படும். வேலைக்கு வந்தவர் பெயர் செக்ரோல் என்னும் ஏட்டில் எழுதப்பட்டால் அன்றைய கூலி உண்டு. அதனால் பெயரே கூலியாயிற்று. விதித்த அளவு கொழுந்து பறிக்காதவர்க்குப் பாதிக் கூலியே எழுதப்படும்; அதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். மு. நித்தியானந்தன் 'கூலித்தமிழ்' (2014) என்னும் நூலில் தோட்டத் தமிழரைப் பற்றிய பழைய எழுத்துக்களைத் தொகுத்து ஆராய்ந்தபின் அத்துறையில் வழி திறந்திருக்கின்றது. சொற்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் விரிவடைதல் வேண்டும். தஞ்சையின் களத்துமேடும் சிவகாசியின் தீப்பெட்டிக் கூடமும் தூத்துக்குடியின் அளமும் இவ்வாறே தத்தமக்குரிய சொற்களை வைத்திருக்கின்றன. 'பேர்' என்பதற்கு ஒரு நாட்கூலி என்னும் பொருளையும், 'அரைப்பேர்' என்பதற்கு அதன் பாதி என்னும் பொருளையும் நம் அகராதிகள் இடம்பெறச் செய்யும்போது, அதற்கு மேற்கோளாகக் காட்டத்தக்க இலக்கிய வரியைத் தேடுவோர் பாட்டையன்றிக் கங்காணியின் ஏட்டையே புரட்ட வேண்டியிருக்கும்.